மண்ணீரலில் தெரியும் கரும்புள்ளிகள்

எச்.ஐ.வி. முற்றியவர்களைத் தாக்கும் காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை. கல்லீரல், மண்ணீரல், வயிற்று நிணநீர்க் கணுக்கள் என்று பரவிவிடும். சளி எடுத்துக் கொடுக்கவும் நோயாளிக்குத் தெம்பிருக்காது; எக்ஸ்ரேயும் சில நேரம் எதையும் காட்டாது. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நடால் மாகாணத்துக் கிராமப்புற மருத்துவமனைகளில் இந்தத் திண்டாட்டத்துக்கு விடையாக வந்ததுதான் ‘ஃபாஷ்’ என்னும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் முறை. டாம் ஹெல்லர் குழுவினர் 2012-இல் அதை விளக்கி எழுதினார்கள்.

ரேடியாலஜிஸ்ட் வரும்வரை காத்திருக்காமல் வார்டு மருத்துவரே கட்டிலருகே பார்த்துவிடலாம் என்பது இதன் பெரிய பலம். இருதய உறையிலோ நுரையீரல் உறையிலோ வயிற்றிலோ நீர் கோத்திருக்கிறதா, 1.5 செ.மீ.க்கு மேல் பெருத்த கணுக்கள் உண்டா, கல்லீரலிலும் மண்ணீரலிலும் புள்ளிகள் உண்டா என்று பார்த்தால் போதும். மண்ணீரலுக்கு மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். வழக்கமான வயிற்று ப்ரோபில் (உடலில் வைக்கும் ஸ்கேன் கருவியின் முனை) ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும் மண்ணீரல், லீனியர் ப்ரோபை இடது விலா இடுக்கில் வைத்ததும் மில்லிமீட்டர் அளவுக் கரும்புள்ளிகளைக் காட்டும். ப்ரோபை மாற்றாவிட்டால் அவை கண்ணுக்குத் தப்பிவிடும்.

ஆனால் அந்தப் புள்ளிகள் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோயிலும் வரும்; பூஞ்சைத் தொற்றிலும் வரும். 2019-இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி, எச்.ஐ.வி. உள்ளவர்களில் கிருமி உறுதியான வயிற்றுக் காசநோயாளிகள் 100 பேரில் ஏறத்தாழ 63 பேரையே வயிற்று ஸ்கேன் பிடிக்கிறது. நோயில்லாத 100 பேரில் 32 பேர்மீது தவறாகச் சந்தேகம் கொள்கிறது. இந்தக் கணக்குக்கு ஆதாரமான சான்றுகளும் மிகப் பலவீனமானவை என்று அத்தொகுப்பே சொல்கிறது.

உயிருக்குப் போராடுபவருக்கு ஸ்கேனை நம்பி மருந்தைத் தொடங்குவது சரிதான். நாள் கடத்தினால் ஆளே போய்விடுவார். மருந்து தொடங்கியதும் தேடலை நிறுத்திவிடுவதைத்தான் ஏற்க முடியவில்லை. சிறுநீரில் காசநோய்க் கிருமியின் கூறைத் தேடும் லாம் சோதனைக்கு அரை மணி நேரம் போதும். பெருத்த கணுவில் ஸ்கேன் துணையோடு ஊசியிட்டு உறிஞ்சியதை, கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட் சோதனைக்கும் செல் பரிசோதனைக்கும் அனுப்பலாம். இவற்றைச் செய்யாமல் விட்டால், லிம்போமா நோயாளி மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பார்.

மருந்துக்குக் கணு சுருங்குகிறதா என்று பார்த்து முடிவு செய்யலாமே என்பார்கள். எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. சிகிச்சை தொடங்கி எதிர்ப்புச் சக்தி மீளும்போது, சரியான காசநோய் மருந்து எடுப்பவருக்கும் கணுக்கள் வீங்குவதுண்டு. அப்போது மறு ஸ்கேனும் குழப்பத்தைக் கூட்டவே செய்யும். அதனால்தான் மருந்து தொடங்கும் நாளிலேயே மாதிரியை எடுத்து அனுப்பிவிட வேண்டும் என்கிறேன்.