தப்படி கேட்ட காதுக்கு ட்ரெய்லர் புரியாதா?

மாசி மாதம் தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றிவிட்டால் போதும், லயத்துக்கு லயம் சேதி போய்விடும். கூத்தன்று வீரபத்திரன் வேடம் தலைகாட்டும் முன்பே தப்புப் பறையின் வேகம் ஏறும், வரவுப் பாட்டு எழும். கம்பம் போஸ்டர் என்றால் வரவு ட்ரெய்லர். பதுளை, பசறை, ஹாலி எல தோட்டங்களில் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, சூப்பர் ஹீரோ பட விளம்பரத்தை எடைபோடும் பாதி வித்தை ஏற்கெனவே கைவசம் இருக்கிறது.

முதலில் போஸ்டர். போனைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஓடும் பஸ்ஸிலிருந்து சுவரைப் பார்ப்பவரின் கண்ணில் எது தங்குமோ, அதுதான் போஸ்டரின் உயிர். 1989ஆம் ஆண்டின் 'பேட்மேன்' போஸ்டரில் நாயகனின் முகமே கிடையாது. கறுப்பில் ஒரு பொன்னிற வௌவால் சின்னம், அவ்வளவுதான். பத்து முகங்களை அடுக்கிய போஸ்டர்களைவிட அது இன்றும் நினைவில் நிற்கிறது. முகங்கள் கூடக்கூட, படக்குழு எதை நம்பியிருக்கிறது என்பது மங்கிப்போகும்.

அடுத்தது பார்வை. மடோன் அஸ்வின் இயக்கிய 'மாவீரன்' (2023) படத்தின் அறிவிப்புக் காணொளியில் சிவகார்த்திகேயன் சண்டைக்கு நடுவே மேலே அண்ணாந்து பார்ப்பார். அப்போது அது வெறும் ஸ்டைலாகத் தெரிந்தது. படம் பார்த்தபோதுதான் விளங்கியது: பயந்த சுபாவமுள்ள ஓவியனுக்கு மேலிருந்து ஒரு குரல் கேட்கிறது, கதையே அந்தக் குரலில்தான் ஓடுகிறது. ரகசியத்தை உடைக்காமல் அதன் திசையை மட்டும் காட்டிய விளம்பரம் அது.

உடுப்பையும் கவனிக்க வேண்டும். பேசில் ஜோசப்பின் 'மின்னல் முரளி' (2021) நாயகன் சிற்றூர்த் தையல்காரன். ஆரம்ப விளம்பரங்களில் அவனுக்கு முகமூடி என்று தனியாக ஒன்றும் இல்லை. முகத்தைச் சுற்றிக் கட்டிய துணிதான். இவன் நம்மூர் ஆள் என்று அந்தத் துணியே சொல்லிவிட்டது. 2025இல் வந்த 'லோகா', கள்ளியங்காட்டு நீலி என்ற யட்சியின் கதையையே கல்யாணி பிரியதர்ஷனுக்கு உடுப்பாகப் போட்டுவிட்டது. மேல்நாட்டு உடுப்பை அப்படியே எடுத்து மாட்டும் படங்களோடு இவற்றை வைத்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

இனி ட்ரெய்லர்.

முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். வேலைக்கு ஆள் திரட்டும் பிரட்டுக்குக் கூப்பிடும் தப்பு வேறு, சாமித் தப்பு வேறு, சாவுத் தப்பு வேறு. அடி விழுந்த உடனே எதற்கென்று தோட்டத்துக் காது பிரித்துவிடும். அதே காதுக்கு, எந்தப் படத்துக்கும் ஒட்டவைக்கக்கூடிய 'டூம், டூம்' இரைச்சலும் இந்தக் கதைக்கென்றே பிறந்த இசையும் ஒன்றாகுமா? இரண்டாவது தடவை சத்தத்தை அடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். அடி வாங்குபவர் மீது பாரம் விழுவது தெரிகிறதா, அல்லது காற்றில் பஞ்சு பறக்கிறதா என்பது அப்போது அம்பலமாகும். ஆங்கிலப் படமென்றால் மூலத்தையும் தமிழ் டப்பிங்கையும் அடுத்தடுத்துக் கேட்கலாம். ஒரே வில்லன் ஒன்றில் மிரட்டுவான், மற்றதில் சிரிப்பூட்டுவான்.

கண்டதை எல்லாம் நம்பிவிடவும் கூடாது. 'அவெஞ்சர்ஸ்: இன்பினிட்டி வார்' (2018) ட்ரெய்லரில் வகாண்டா போர்க்களத்தில் மற்ற வீரர்களோடு ஹல்க் ஓடிவருவார், படத்தில் அந்தக் காட்சியே இல்லை. 'ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்' (2021) படத்துக்குப் பிரேசிலில் வந்த ட்ரெய்லரில் பல்லியுரு வில்லனின் தலை குத்து வாங்கியதுபோல் திரும்பும், குத்தியவரைக் காணோம். முந்தைய படங்களின் ஸ்பைடர்மேன்களை ட்ரெய்லரிலிருந்து அழித்துவிட்டார்கள் என்று ரசிகர்கள் ஊகித்தார்கள். படத்தில் மூன்று ஸ்பைடர்மேன்களும் வந்து நின்றார்கள். காணாமல்போனதைத் தேடுவதும் ஒரு ரசனைதான்.

கடைசியாக, வாக்குறுதியின் அளவு. மிஷ்கினின் 'முகமூடி' (2012) தமிழின் சூப்பர் ஹீரோ படமாக விளம்பரமானது. உள்ளே இருந்ததோ மாயசக்தி எதுவுமில்லாத குங்ஃபூ கதை. ஜீவாவின் முகமூடியைப் பார்த்துப் பறப்பார் என்று எதிர்பார்த்துப் போனவருக்கு ஏமாற்றம். சண்டைக்கலைக்காகப் போனவருக்கு விருந்து.

அடுத்த சூப்பர் ஹீரோ ட்ரெய்லர் வரும்போது, படத்தைப் பற்றி உங்கள் ஊகத்தை நான்கு வரியில் எழுதி வையுங்கள். படம் பார்த்துவிட்டு வந்த அன்றிரவே ட்ரெய்லரை இன்னொரு முறை போட்டு, அந்த நான்கு வரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.