நிக்கலின் இலத்திரன் கணக்கு

கூட்டுத்தொகை பொருந்திவிட்டால் கணக்கு முழுவதும் சரியெனக் கொள்வது மாணவர் பலரின் இயல்பு. உலோகங்களின் நிலையடர்த்தியைக் கணித்து இலத்திரன்களை எண்ணுமிடத்தும் இவ்வியல்பு தலைகாட்டுகின்றது. அது எத்துணைப் பொருந்தும் என்பதை நிக்கலை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

ஒவ்வொரு சத்தியிலும் இலத்திரன் தங்கத்தக்க நிலைகள் எவ்வளவு செறிந்துள்ளன என்பதைக் காட்டுவது நிலையடர்த்தி வளைகோடு. அதன் கீழுள்ள பரப்பைப் பேர்மி மட்டம் வரை தொகையிட்டால் இலத்திரன் எண்ணிக்கை கிடைக்கும். நிக்கலின் அணுவெண் 28. உள்ளோடுகளிலுள்ள 18 ஐ நீக்க எஞ்சுவன 10. கணிப்பும் அணுவொன்றுக்கு 10 என்றே விடை தருகின்றது. இதனை வெற்றியெனப் போற்றுதல் தவறு. தொகை 10 ஆகுமாறே பேர்மி மட்டம் தெரிந்தெடுக்கப்படுகின்றது. இட்டதையே எடுத்தோமன்றிப் புதிதொன்றும் அறிந்திலேம். தொகை பிழைத்தாற்றான் பயனுண்டு: சத்திப் புள்ளிகள் ஐதாயின என்றோ, ஒரு கறங்கலை மட்டுமே எண்ணினோம் என்றோ அது எச்சரிக்கும்.

இனி, நிக்கலின் காந்தத் திருப்புதிறன் அணுவுக்கு ஏறத்தாழ 0.6 போர் மக்னெற்றன். அது பெரும்பாலும் கறங்கலால் எழுவதாதலின், ஒரு கறங்கலில் ஏறத்தாழ 5.3 இலத்திரன்களும் மற்றதில் 4.7 உம் உள்ளன எனலாம். இப்பிரிவு அளவீட்டைச் சார்ந்து நிற்பது.

மொற், யோன்ஸ் என்போர் 1936 இல் வெளியிட்ட நூல் இதற்கு அப்பாலுஞ் செல்கின்றது. டி பட்டையில் 9.4, எஸ் பட்டையில் 0.6 என அது பகுக்கின்றது. நிக்கலுடன் செம்பைக் கலந்தால், செம்பு அணுவொன்றுக்கு ஓர் இலத்திரன் மிகுதியாகத் தந்து டி பட்டையின் வெற்றிடத்தை நிரப்பும்; செம்பு ஏறத்தாழ 60 விழுக்காடாகும்போது காந்தம் மறையவேண்டும். பரிசோதனையிலும் அவ்வாறே மறைந்தது! எனினும், 1960களின் பிற்பகுதியில் நிகழ்ந்த ஒளியிலத்திரன் ஆய்வுகள், அக்கலப்புலோகத்தில் இருவகை அணுக்களின் டி நிலைகளும் ஒரே பட்டையாகாது வேறுவேறாகவே நிற்பதைக் காட்டின. எண் பொருந்தியது; அதற்குக் கூறிய காரணம் பொருந்தவில்லை.

எஸ், டி நிலைகள் பளிங்கினுள் ஒன்றோடொன்று கலப்பன. அவற்றைப் பிரிக்கும் எல்லையை இடுபவர் கணிப்போரே. அணுவைச் சூழக் கற்பிக்கும் கோளத்தின் ஆரையை மாற்றினால் டி பங்கின் எண்ணிக்கையும் மாறும். 10 என்ற முழுத்தொகையோ மாறாது. ஆகவே, ஓர் எண்ணைக் காணுந்தோறும், அது இயற்கை தந்ததா, நாம் விதித்ததா, நம் பிரிப்பு முறையால் விளைந்ததா என முதலில் வினவுதல் வேண்டும். அவ்வினாவை எழுப்பாதார்க்குத் தசமதானங்கள் எத்தனை கிடைப்பினும் உண்மை கிடைக்காது.