பட்டாளத்து வீடு மாறும் விதம்

போஸ்டிங் ஆர்டர் வந்ததும் ராணுவக் குவார்ட்டர்ஸ்களில் முதலில் இறக்கப்படுவது கறுப்பு டிரங்குப் பெட்டிதான். மூடியில் வெள்ளை பெயின்ட்டில் ரேங்க், பெயர், யூனிட், போகும் ஊர். பழைய ஊரின் மேல் கறுப்பு அடித்துப் புதியதை எழுதியிருப்பார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் முந்தைய ஊர்களின் எழுத்துகள் மேடுதட்டித் தெரியும்.

இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஊர் மாறும் இக்குடும்பங்கள் வாழ்க்கையையே பெட்டிக்குத் தக்கபடி அமைத்துக்கொள்கின்றன. கட்டில், மேசைகளைப் பலர் வாங்குவதில்லை, ராணுவப் பொறியியல் சேவை (எம்.இ.எஸ்.) வாடகைக்குத் தருவது போதும். பெட்டிகளுக்கு எண் போட்டு, எதில் என்ன என்று நோட்டில் குறித்துக்கொள்வார்கள். ஸ்டவ்வும் குக்கரும் அரிசி பருப்பும் லாரியில் கடைசியாக ஏறும்; இறங்கும்போது அவைதான் முதலில் கைக்கு வரும். வந்த இரவே அடுப்பு எரிந்துவிடும். இந்தத் திறமையைக் குடும்பங்களே, பெரும்பாலும் பெண்களே, வளர்த்துக்கொண்டார்கள். எந்தக் கையேடும் கற்றுத்தந்ததல்ல.

அரசு செய்ததும் குறைவில்லை. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் வெளியூர் மாறுதலுக்கு அடிப்படைச் சம்பளத்தில் 80 விழுக்காடு மானியமாகக் கிடைக்கிறது. 2021-இல் வந்த 'பிஎச்' வரிசை வாகனப் பதிவு இன்னொரு நிம்மதி: மாநிலம் மாறும்போதெல்லாம் தடையின்மைச் சான்று, மறுபதிவு, பழைய சாலை வரியைத் திரும்பப் பெறுவது என்று ஆர்.டி.ஓ. அலுவலகங்களுக்கு அலைய வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கோ கேந்திரிய வித்யாலயா இருக்கிறது. படைப்பிரிவுகள் நடத்திய 20 பள்ளிகளை ஏற்று 1963-இல் தொடங்கிய அமைப்பு அது. வெலிங்டனில் விட்ட பாடத்தைப் பதான்கோட்டில் தொடரலாம்.

ஆனாலும் சாமான் கணக்கில் ஒரு கோணல். அரசு செலவில் கொண்டுபோக அதிகாரிக்கு 6,000 கிலோ வரை. சிப்பாய்க்கு 1,500 கிலோ. பதவிக்கேற்ப மதிப்பு வேறுபடலாம், சரி. ஆனால் சிப்பாய் வீட்டிலும் பிரிட்ஜ், வாஷிங் மெஷின், இரண்டு பிள்ளைகளின் புத்தகங்கள் உண்டு. குடும்பத்தின் அளவைப் பார்க்காமல் ரேங்கை மட்டும் பார்க்கும் வரம்பு நியாயமானதல்ல.

இதைவிடப் பெரிய குறை, தகப்பன் 'ஃபீல்டு' எனப்படும் களப்பகுதிக்குப் போகும்போது வெளிப்படுகிறது. அங்கே குடும்பம் கூட வர முடியாது. தனித்திருக்கும் குடும்பங்களுக்கான குவார்ட்டர்ஸ் கிடைக்காவிட்டால் தாய் பிள்ளைகளோடு சொந்த ஊருக்குத் திரும்ப வேண்டும். வேலூர் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு பட்டாளத்தார் உள்ள கம்மவான்பேட்டை போன்ற ஊர்களுக்கு இது பழகிய கதை. அதுவரை வடக்கே இந்தியும் சமஸ்கிருதமும் படித்த பிள்ளை பாட்டியிடம் தமிழில் சரளமாகப் பேசும். எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறும். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ் கட்டாயமான மாநிலப் பாடத்திட்டப் பள்ளியில் அந்தப் பிள்ளை சேர்ந்தால் அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும். வகுப்பில் எல்லாரையும் விட வளர்ந்த பிள்ளை 'அ' எழுதப் பழகும் அந்தக் கூச்சத்துக்கு எந்த மானியமும் ஈடாகாது. ராணுவக் குடியிருப்புப் பள்ளிகளில் வாரம் இரண்டு மணி நேரம் தாய்மொழி வகுப்பு நடத்த ஆசிரியருக்கா பஞ்சம்? அதே குடியிருப்பில் பி.எட். முடித்த தமிழ்ப் பெண்கள் வேலையின்றி இருக்கிறார்களே!

அவர்கள் நிலையும் கவலைக்குரியது. கணவனும் மனைவியும் அரசுப் பணியில் இருந்தால் இயன்றவரை ஒரே ஊரில் பணியமர்த்தச் சொல்லும் 2009-ஆம் ஆண்டு ஆணை உண்டு. தனியார் பள்ளியில் கற்பிக்கும் மனைவிக்கு அது உதவாது. ஒவ்வொரு ஊரிலும் புதியவராகவே சேர்கிறார். பத்தாண்டு அனுபவத்துக்கும் தொடக்கச் சம்பளம்தான்.

பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்காகப் பழைய குவார்ட்டர்ஸில் தங்கியிருக்க இப்போதே அனுமதி கேட்கலாம். அந்த அக்கறையை மற்ற வகுப்புகளுக்கும் நீட்டுவது கடினமல்ல: அவசரம் இல்லாத மாறுதல்களை மார்ச், ஏப்ரலில் வைத்தால் போதும். குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டையும் போஸ்டிங் ஆர்டரோடு சேர்த்தே தரலாம். இன்று கணவர் முன்னே போய்க் காத்திருப்போர் பட்டியலில் பெயர் பதிகிறார். குடும்பம் வாடகை வீட்டில் இறங்கி, குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் மறுபடி மூட்டை கட்டுகிறது.