பால்வாடியில் இன்னொரு ஆள்

2023 நவம்பரில் ஒன்றிய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறையை வெளியிட்டது. அதில் மூன்று படிகள். குறைபாட்டின் அறிகுறியை முன்கூட்டியே கண்டறிவது, ஊர் நிகழ்வுகளில் குழந்தையைச் சேர்த்துக் குடும்பத்துக்குத் துணைநிற்பது, ஆஷா, செவிலியர், மருத்துவக் குழு வழியாக மேல்சிகிச்சைக்கு அனுப்புவது. நோக்கத்தோடு எனக்குச் சண்டையில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளை ஊர்ப் பிள்ளைகளோடு பால்வாடியில் உட்கார வேண்டும்தான். ஆனால் இந்தப் படிகளில் ஏறி இறங்கப்போவது யார்? அங்கன்வாடிப் பணியாளர், ஆஷா, செவிலியர், வீட்டில் அம்மா. எல்லாரும் பெண்கள்.

ஆட்டிசத்தின் வரலாற்றில் அம்மா முதலில் குற்றவாளியாகத்தான் வருகிறாள். 1943இல் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே பெற்றோரிடம் கனிவு குறைவு என்ற குறிப்பு இருக்கிறது. 1967இல் புரூனோ பெட்டல்ஹைம், பிள்ளை இல்லாமலிருந்தால் தேவலை என்ற பெற்றோரின் விருப்பமே இதைத் தூண்டுகிறது என்று ஒரு தடித்த நூலே எழுதினார். ‘ஃபிரிட்ஜ் அம்மா’ என்ற வசை அமெரிக்க வீடுகளில் எத்தனை பெண்களைத் தின்றிருக்கும்! அந்தக் கோட்பாடு இன்று செத்துவிட்டது. “செல்போனைக் கையில குடுத்துட்டு வேலைக்குப் போனா புள்ள எப்படிப் பேசும்?” என்று நம் தெருவில் கேட்பவர்களுக்கு மட்டும் அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

இப்போது அம்மாவைக் குற்றவாளி என்று எழுதுவதில்லை. பொறுப்பாளர் என்று எழுதுகிறோம்.

பால்வாடிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பேர் சொல்லிக் கூப்பிட்டால் அந்தப் பிள்ளை திரும்பாது. குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்திக்கொண்டு அலறும். பாட்டு முடிந்து சாப்பாடு என்றதும் தரையில் புரளும். இதற்கெல்லாம் விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். அன்றைய வேலைகளைப் படமாக வரைந்து சுவரில் வரிசையாக ஒட்டி, ஒன்று முடியும்போதே அடுத்ததைக் காட்டலாம். விசில் வருவதற்கு முன் பிள்ளையை வெளியே கூட்டிப் போகலாம். சத்தம் எட்டாத மூலையில் ஒரு பாய் விரிக்கலாம். பேச்சு வராத பிள்ளையைப் படத்தைத் தொட்டுத் தண்ணீர் கேட்கப் பழக்கலாம். வேண்டியது பயிற்சி பெற்ற இன்னொரு ஆள். இருக்கும் ஒரு பணியாளரோ எடை பார்த்து, போஷன் டிராக்கர் செயலியில் ஏற்றி, சத்துமாவு கொடுத்துக்கொண்டிருக்கிறார். உதவியாளர் அடுப்படியில்.

1975இல் தொடங்கிய திட்டத்தில் இந்தப் பணியாளர்கள் இன்றும் ‘கௌரவ’ப் பணியாளர்களே. ஒன்றிய அரசு 2018இல் உயர்த்திய மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய். அதன்மேல் மாநிலங்கள் தம் பங்கைச் சேர்க்கின்றன. பணிக்கொடை உண்டு என்பதற்கே 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. விசிலுக்கு முன்பே பிள்ளையின் முகத்தைப் படிப்பது ஒரு தொழில்திறன். அதைத் ‘தாயுள்ளம்’ என்று புகழ்ந்துவிட்டால் சம்பளம் தர வேண்டியதில்லை, பாருங்கள்.

ஆகவே அந்த இன்னொரு ஆள் வருவதில்லை. “அம்மாவும் கூட வந்து உட்காரட்டும்” என்கிறார்கள். அம்மா வேலையை விடுகிறாள். அவள் வழக்குப் போடவும் வழி குறைவு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை ஏற்கிறது, ஆனால் அது தரும் இலவசக் கல்வி உரிமை 6 வயதில்தான் தொடங்குகிறது. பால்வாடிப் பிள்ளைக்கு வயது மூன்று.