கடத்தாத வேலி மட்டும் போதுமா?

கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த கூட்டுப்பொருளால் செய்த வேலிகள் இங்கிலாந்தின் இருப்புப்பாதை ஓரங்களில் பயன்பாட்டில் உள்ளன. “இவ்வேலி மின்சாரத்தைக் கடத்தாது, எர்த் தேவையில்லை, ஆபத்தும் இல்லை” என்பது இவற்றை விற்போர் கூறும் பெருமை. நம் கரிசல் பூமிக்கு இக்கூற்று எவ்வளவு பொருந்தும் என்று ஆராய்வோம்.

கோவில்பட்டி வழியாகச் செல்லும் இருப்புப்பாதையின் மேல்கம்பியில் 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரம் உள்ளது. இதற்கு இணையாக நெடுந்தூரம் ஓடும் இரும்பு வேலியில், மின்மாற்றியின் இரண்டாம் சுருளில் நிகழ்வது போலவே, மின்னழுத்தம் தூண்டப்படும். துணை மின்நிலையத்து வேலியின் நிலை வேறு. பழுது ஏற்பட்டு 1,000 ஆம்பியர் மின்னோட்டம் 2 ஓம் தடையுள்ள எர்த் வழியே மண்ணில் இறங்குவதாகக் கொள்வோம். ஓம் விதிப்படி, அங்குள்ள எர்த் அமைப்பின் அழுத்தம் 2,000 வோல்ட்டாக உயரும். அதனுடன் இணைந்த இரும்பு வேலி, அந்த அழுத்தத்தைத் தன் கடைசிக் கம்பம் வரை சுமந்து செல்லும்.

இரும்பு வேலியைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தனித்தனியே எர்த் செய்வது வழக்கமான பரிகாரம். ஆனால் கரிசல் மண் மழையில் உப்பிக் கோடையில் சுருங்கிப் பிளக்கும் களிமண். ஈரம் வற்றினால் மண்ணின் மின்தடை பன்மடங்கு ஏறும். எர்த் கம்பியை விட்டு மண்ணும் விலகும். ஆகவே கடத்தாத வேலிக்கு இங்கே உண்மையான தேவை இருக்கிறது.

எனினும் வேலி கடத்தாவிட்டாலும் தரை கடத்தும். பழுது நேரும்போது மின்னோட்டம் இறங்கும் இடத்தில் அழுத்தம் மிகுந்தும், விலக விலகக் குறைந்தும் இருக்கும். அருகில் நிற்பவரின் இரு கால்களுக்கும் இடையே அழுத்த வேறுபாடு தோன்றும். மேயும் மாட்டின் முன்னங்கால்களும் பின்னங்கால்களும் விலகியிருப்பதால் அதற்கு ஆபத்து இன்னும் அதிகம். வேலியை மாற்றியதால் இது மறையாது. நிலையத்தின் எர்த் அமைப்பும், பழுதை உடனே துண்டிக்கும் சாதனமும் அவசியமே. இரும்புக் கதவு இருந்தால் அதற்கும் எர்த் வேண்டும்.

வேறு குறைகளும் உண்டு. கடும் வெயிலின் புறஊதாக் கதிர்கள் பிசினை அரித்து இழைகளை வெளிக்காட்டும். புழுதி படிந்த பரப்பில் பனி இறங்கினால் மின்காப்புத் திறன் குறையும். பிசின் எரியக்கூடியது, காய்ந்த புல்லில் பற்றும் தீயை இரும்பைப் போல் தாங்காது.

வேலியைத் தொடுவதால் வரும் ஆபத்தை இப்பொருள் பெரிதும் நீக்கும், ஆகவே வரவேற்போம். எர்த் வேண்டாம் என்ற சொல்லை மட்டும் ஏற்கலாகாது. அதை நம்பிச் செலவைக் குறைத்தால், அதன் விலையை வேலியோரம் ஆடுமாடு மேய்ப்பவர்களே கொடுக்க நேரும்.