களிம்பு ஏற்றும் கை

தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் பண்டிகைக்கு முதல் நாள் குத்துவிளக்குக்குப் புளிக்குளியல் உண்டு. செம்பும் பித்தளையும் பச்சை பூத்துக் கிடந்தால் வீட்டுக்கே இழுக்கு. சைவ சித்தாந்தம் இன்னும் ஒரு படி மேலே போய், உயிரை ஆதியிலிருந்தே பற்றியிருக்கும் ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பைத்தான் உவமை சொல்கிறது. அந்தக் களிம்பைக் காசு வாங்கிக்கொண்டு ஏற்றிக் கொடுக்கிறார்கள், கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில்.

இதற்கு அங்கே ‘ஆன்டிக் ஃபினிஷ்’ என்று பெயர். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடித்து, காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, மெழுகை உருக்கி வடித்து, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றுவது வரை எல்லாச் சிலைக்கும் ஒரே பாதைதான். அரமும் உளியும் ஓய்ந்த பிறகு வழி பிரிகிறது. கோயிலுக்குப் போகிற சாமி பளபளக்கும். வரவேற்பறைக்குப் போகிறது, சோழர் காலத்துச் சாயல் கேட்கும்.

கந்தகச் சேர்மம் கரைத்த நீரைத் தடவினால் செம்புக் கலவை பழுப்பேறும்; விட்டால் கறுக்கும். நவச்சாரமும் செம்பு உப்பும் சேர்ந்தால் பச்சை. நிறம் யாருக்கும் வந்துவிடும். எங்கே துடைத்தெடுப்பது, எங்கே தங்கவிடுவது என்பதில்தான் கை தெரியும். கன்னம், தோள், முழங்கால் என்று மேடான இடமெல்லாம் உலோகம் லேசாக வெளிச்சம் காட்ட வேண்டும். மாலையின் இடுக்கிலும் ஆடை மடிப்பிலும் இருட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். உப்பைச் சரியாகக் கழுவாத அவசரக்காரரின் சிலை மழைக்காலத்தில் வெளிறிய பச்சைத் தூளைக் கக்கும். குளோரைடு உள்ளே இருந்துகொண்டு உலோகத்தைத் தின்கிற நோய் அது.

உண்மையில் பழைய சிலைகளுக்கு இரண்டு விதமான முதுமை உண்டு. நாள்தோறும் அபிஷேகம் கண்டு, தேய்த்துத் தேய்த்து விளக்கப்பட்ட உற்சவருக்குக் களிம்பு ஏது? கண்ணும் மூக்கும் மழுங்கி, கூழாங்கல் போல வழவழத்திருக்கும். மண்ணுக்குள் கிடந்ததோ பச்சைக்கு அடியில் செம்மண் நிற ஆக்சைடுப் படலம் ஒன்றைச் சேர்த்திருக்கும். செதுக்கு மட்டும் கூர்மையாக இருக்கும். 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த திருவெண்காட்டு ரிஷபவாகனர் மண்ணிலிருந்து வந்தவர்தான். தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் அவருடைய தலைப்பாகை போன்ற சடைக்கட்டை நின்று பார்த்தால் புரியும். மழுங்கிய மூக்கின் நுனியில் பச்சையைத் தீட்டி வைத்திருந்தால், செய்தவர் இரண்டு முதுமையையும் குழப்பிக்கொண்டார் என்று அர்த்தம்.

மேல்நாட்டில் பழந்துப்பாக்கி நகல் செய்பவர்களுக்கும் இதே பித்து: குழாயைத் துருப்பிடிக்க விட்டு, தேய்த்து, திரும்பத் துருவேற்றிப் பழுப்பாக்குவார்கள். தஞ்சைப் பீரங்கி மேட்டில் ரகுநாத நாயக்கர் காலத்து இரும்புப் பீரங்கிக்கு அந்த வேலையை வெயிலும் மழையும் கூலியில்லாமல் செய்து வருகின்றன.

நகல் அசலாக நடித்த கதையும் இந்த மண்ணிலேயே உண்டு. கும்பகோணத்துக்கு அருகே சிவபுரத்தில் 1951இல் கிடைத்த நடராஜர், பழுது பார்க்க வெளியே போனார்; திரும்பி வந்தது நகல். ஊர் அதைத்தான் கும்பிட்டது. பிரிட்டிஷ் மியூசியத்தின் டக்ளஸ் பாரெட் 1965இல் வெளியான தன் நூலில் குட்டை உடைத்தார். அசல் 1973இல் 9 லட்சம் டாலருக்கு அமெரிக்கச் சேகரிப்பாளர் நார்டன் சைமனிடம் போய், வழக்கெல்லாம் முடிந்து 1986இல் நாடு திரும்பியது.

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த சிலையைத் தனியார் யாரும் ஏற்றுமதி செய்ய முடியாது. அதனால் சுவாமிமலையில் பாடுபட்டு ஆயிரம் வயதேற்றிய சிலை கப்பலேறுமுன், அது பழசே இல்லை என்று தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்க வேண்டியிருக்கிறது.