தேய்வதற்கும் ஒரு முறை உண்டு

தட்டை வால்வு ஒன்று முகம் முழுவதும் ஒரே சீராகத் தேய்ந்தால் எஞ்சினுக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. முதுகின் மேல் ஏறி நிற்கும் நீராவியே அதை அழுத்தித் தளத்தோடு ஒட்ட வைத்துவிடும். கோணலாகத் தேயும்போதுதான் வினை. செருப்பின் குதிகால் ஒருபக்கம் தேய்ந்தால் நடையே மாறிப்போவது மாதிரி, வால்வின் ஓர் ஓரம் தேய்ந்ததும் நீராவி பிஸ்டனைத் தள்ளாமலே வெளிப்போக்கில் கலந்து புகைபோக்கிக்குப் போய்ச் சேர்கிறது. கரி எரிந்த கணக்கு இருக்கும், வேலை நடந்த கணக்கு இருக்காது.

நீராவி எஞ்சினுக்கு வால்வு செய்தவர்களை மரபு மரபாகப் பிரிக்கப் பல வழிகள் உண்டு. நாட்டை வைத்துப் பிரிக்கலாம், வடிவத்தை வைத்துப் பிரிக்கலாம். எனக்குப் பிடித்த அளவுகோல் வேறு. தேய்மானத்தை எந்த உறுப்பின் மேல் இறக்கினார்கள், இறக்கியதை எப்படிச் சமமாகப் பரப்பினார்கள்? தேயாத வால்வை யாரும் செய்துவிடவில்லை. செய்துவிட்டதாகச் சொன்னவர்கள் மட்டும் ஒவ்வொரு தலைமுறையிலும் இருந்தார்கள்.

சறுக்கு வால்வு எனப்படும் இந்தத் தட்டை வால்வுக்கு வில்லியம் மர்டாக் காப்புரிமை பெற்றது 1799இல். அதைச் சுருக்கி, கவிழ்த்துவைத்த சிறு பெட்டி வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் லீட்ஸ் நகரின் மாத்யூ மர்ரே. தளத்தில் மூன்று போர்ட்டுகள்: இரண்டு ஓரங்களிலும் சிலிண்டரின் இரு முனைகளுக்குப் போகும் வழிகள், நடுவில் வெளிப்போக்கு. வால்வு முன்னும் பின்னும் சறுக்கி அவற்றை முறைவைத்துத் திறந்து மூடும். வடிவம் எளிது, செய்வதுதான் கடினம். இரண்டு இரும்பு முகங்கள் நீராவி கசியாதபடி ஒட்ட வேண்டுமானால் இரண்டும் உண்மையான தட்டையாக இருக்க வேண்டும். அதற்காகவே மர்ரே ஒரு சீவும் எந்திரம் செய்து, அதைப் பூட்டிய அறைக்குள் வைத்திருந்தார் என்பார்கள். பௌல்ட்டன்–வாட் கம்பெனியார் அவருடைய பட்டறையை ஒட்டியே நிலம் வாங்கிப்போட்டவர்கள். பூட்டு தேவைப்பட்டிருக்கும்.

தட்டை என்றால் எவ்வளவு தட்டை என்பதற்கு முறையான பதில் சொன்னவர் ஜோசப் விட்வொர்த். 1840இல் கிளாஸ்கோவில் கூடிய பிரிட்டிஷ் அசோசியேஷன் முன் அவர் படித்த கட்டுரை, முகங்களை எமரி தூவி அரைத்துப் பொருத்தும் வழக்கத்தைக் குறை சொன்னது. எமரி எங்கே எவ்வளவு கடிக்கும் என்பது கைக்கு அடங்காது. துகள்கள் இரும்பின் நுண்துளைகளில் தங்கிவிட்டு, பிறகு ஓட்டத்தில் தேய்த்துக்கொண்டே இருக்கும். அதற்குப் பதில் முகத்தில் சாயம் தடவி, அளவுத்தட்டின் மேல் வைத்து, மேடு தெரிந்த இடத்தை மட்டும் சுரண்டி எடுக்கச் சொன்னார். அளவுத்தட்டையே எப்படி நம்புவது? மூன்று தட்டுகளை எடுத்து இரண்டிரண்டாக மாற்றி மாற்றி ஒப்பிட வேண்டும். இரண்டு மட்டும் என்றால் ஒன்று குவிந்தும் மற்றது குழிந்தும் இருந்தபடியே பொருந்திவிடலாம். மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டுமானால் மூன்றும் தட்டையாக இருந்தே தீர வேண்டும். எனக்குத் தெரிந்தவரை வால்வு மரபில் இதைவிட அழகான தர்க்கம் வேறில்லை.

ஆனால் விட்வொர்த்தின் தட்டை முதல் நாளுக்குத்தான். மறுநாளிலிருந்து ஓட்டம் அதைக் கெடுக்கிறது. கெடுக்கும் வழிகளை எஞ்சின்காரர்கள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள். நீராவியைச் சீக்கிரம் வெட்டி ஓட்டினால் வால்வின் நடை, அதாவது அது போய்வரும் தூரம், குறையும். அப்படியே நாள்கணக்கில் ஓடினால், நடை முடியும் இடத்துக்கு அப்பால் தளம் தேயாமல் நின்று மேடு கட்டும். பிறகு ஏற்றத்தில் நடையைக் கூட்டும்போது வால்வு அந்த மேட்டில் ஏறித் தூக்கிக்கொள்ளும். இதற்கு மருந்து, தளத்தின் முனைகளை வெட்டித் தாழ்த்தி, வால்வின் ஓரம் ஒவ்வொரு நடையிலும் தளத்தைக் கொஞ்சம் தாண்டிப் போகும்படி வைப்பது. மேடு கட்ட இடமே இல்லாமல் போய்விடும். இன்னொரு கோளாறு இழுக்கும் தண்டினுடையது. தண்டு தளத்துக்குச் சற்று மேலே நின்று இழுப்பதால் வால்வு ஒவ்வொரு திருப்பத்திலும் இம்மியளவு தலைசாய்கிறது, முன்விளிம்பும் பின்விளிம்பும் நடுவைவிட அதிகம் தேய்கின்றன. அதனால்தான் தண்டை வால்வோடு இறுக்கிப் பூட்டாமல், சுற்றிப் பிடிக்கும் ஒரு சட்டத்துக்குள் வால்வைச் சும்மா உட்கார வைத்தார்கள். இழுப்பது சட்டம், தளத்தில் ஒட்டுவது வால்வின் சொந்த வேலை.

சிலிண்டருக்கு அடியில் வால்வைத் தலைகீழாக வைத்த பிரிட்டிஷ் வடிவங்களையும் சொல்ல வேண்டும். நீராவியை மூடிவிட்டு இறக்கத்தில் ஓடும்போது வால்வு தன் எடையாலேயே தளத்தை விட்டு விழுந்து நிற்கும். எண்ணெயும் அழுத்தமும் இல்லாமல் வீணாகத் தேயும் அந்தத் தூரமெல்லாம் மிச்சம். செலவில்லாத உபாயம்.

பெரிய சிக்கல் அழுத்தந்தான். 25 செ.மீ. அகலமும் 40 செ.மீ. நீளமும் உள்ள வால்வின் முதுகு 1,000 சதுர செ.மீ. சதுர செ.மீ.க்கு 10 கிலோ அழுத்தம் என்றால் மேலிருந்து 10 டன். போர்ட்டுகளுக்குள் இருக்கும் நீராவி கீழிருந்து கொஞ்சம் தாங்கும் என்றாலும், மிச்சமே டன் கணக்கில் நிற்கும். அந்தச் சுமையோடு அதை நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான முறை இழுத்துத் தள்ள வேண்டும். ரயில் எஞ்சின் வால்வின் உராய்வை அளந்து ரயில்வே எஞ்சினியர் ஆஸ்பினால் லண்டன் சிவில் எஞ்சினியர்கள் சங்கத்தில் கட்டுரையே படித்தார். அமெரிக்காவில் ரிச்சர்ட்சன் வால்வின் முதுகில் நான்கு பட்டைகளைப் பதித்து, வில் வைத்து மேல்தட்டோடு உரசவிட்டார். பட்டைகளுக்குள் அடங்கும் பரப்பில் நீராவி அழுத்தாது, சுமை பெருமளவு இறங்கிவிடும். முழுவதும் இறக்கிவிட்டால் வால்வு தளத்தை விட்டு எழும்பிக் கசியும் என்பதால் எவ்வளவு மிச்சம் வைப்பது என்பதே கலை. உலோகத் தேர்விலும் இதே எண்ணம் தெரிகிறது. வார்ப்பிரும்புத் தளத்தின் மேல் வெண்கல வால்வு வைத்தவர்கள், தேய்வது வால்வாக இருக்கட்டும், சிலிண்டரோடு வார்த்த தளமாக இருக்க வேண்டாம் என்று கணக்குப் போட்டவர்கள்.

ஆலை எஞ்சின்களில் வேறொரு மரபு வளர்ந்தது. பிராவிடன்ஸ் நகரின் ஜார்ஜ் கார்லிஸ் 1849இல் காப்புரிமை பெற்று வளர்த்த முறையில் உள்வழிக்கு இரண்டும் வெளிவழிக்கு இரண்டுமாக நான்கு உருளை வால்வுகள், ஒவ்வொன்றும் தன் குழிக்குள் அரைகுறையாகச் சுழன்று ஆடும். 1876இல் பிலடெல்பியா பொருட்காட்சியை ஓட்டிய 1,400 குதிரைத்திறன் எஞ்சின் இவருடையதுதான். வேக ஒழுங்குக் கருவியோடு இணைந்து நீராவியைச் சட்டென வெட்டும் அதன் ஏற்பாட்டைத்தான் உலகம் புகழ்ந்தது. நான் வியப்பது நடுத்தட்டின் வடிவியலை. எல்லா வால்வுகளையும் ஆட்டும் அந்தத் தட்டு, திறக்க வேண்டிய நேரத்தில் வால்வை வேகமாக நகர்த்தும். மூடி, முழு அழுத்தத்தையும் முதுகில் சுமக்கும் நேரத்தில் ஏறக்குறைய அசையாமல் வைத்திருக்கும். சுமை இருக்கும்போது நடை இல்லை, நடை இருக்கும்போது சுமை இல்லை. குழியின் ஒருபக்கம் மட்டும் தேயுமே என்றால், ஆட்டும் தண்டு வால்வின் வெட்டில் ஒரு நாக்காக மட்டும் நுழைகிறது. வால்வு தேயத் தேயத் தானே இறங்கி உட்கார்ந்துகொள்ளும்.

உரசலே வேண்டாம் என்று புறப்பட்டவர்கள் எழும்பு வால்வுக்காரர்கள். கார்ன்வால் சுரங்கங்களின் நீர் இறைக்கும் எஞ்சின்களில் இரட்டை இருக்கை வால்வு இருந்தது. மேலும் கீழும் அழுத்தம் ஏறக்குறையச் சமமாக இருப்பதால் லேசாகத் தூக்கினாலே போதும். விண்டர்தூரின் சுல்சர் கம்பெனி 1867 பாரிஸ் பொருட்காட்சியில் இதை ஆலை எஞ்சினாகக் காட்டியது. பிறகு ஹ்யூகோ லென்ட்ஸும் இத்தாலியின் ஆர்துரோ கப்ரோத்தியும் ரயில் எஞ்சினுக்குக் கொண்டுவந்தார்கள். உரசல் போய்விட்டது, அதன் இடத்தில் மோதல் வந்தது. இரண்டு இருக்கைகளும் ஒரே நொடியில் உட்கார வேண்டும். வால்வும் அதன் கூடும் சூட்டில் வேறுவேறு அளவு நீண்டால் ஒரு இருக்கை உட்காரும், மற்றது கசியும். இருக்கைகளைக் கூம்பாக வெட்டி, இரண்டு கூம்புகளின் நுனியும் ஒரே புள்ளியில் விழும்படி செய்தால், எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் விரியும் வரை பொருத்தம் கெடாது. அருமையான தீர்வுதான். ஆனால் ரயில் எஞ்சின் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுடுவதில்லை.

பிரான்ஸில் ஆந்த்ரே ஷப்லோன் 1929இல் புதுப்பித்த 3566ஆம் எண் எஞ்சினுக்கு எழும்பு வால்வு வைத்துப் பெரும் புகழ் அடைந்தார். அவரே பிற்காலத்து 242ஏ1 எஞ்சினுக்கு, உருளையாகச் சறுக்கும் இரட்டை வழி பிஸ்டன் வால்வுக்குத் திரும்பினார். பென்சில்வேனியா ரயில்வேயின் டி1 வகை எழும்பு வால்வோடு வந்து, பராமரிப்பவர்களைப் பாடாய்ப் படுத்தியது. அதில் ஒன்றுக்குக் கடைசியில் பிஸ்டன் வால்வே பொருத்தினார்கள். இந்த இரண்டு திரும்பல்களையும் நான் எழும்பு வால்வின் தோல்வியாகப் படிக்கவில்லை. தேய்மானம் கண்ணுக்கும் கைக்கும் எட்டாத இடத்துக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். வால்வு தேயவில்லை, அதைத் தூக்கும் கேம்களும் உருளைகளும் எண்ணெய்ப் பெட்டிக்குள் தேய்ந்தன.

பிஸ்டன் வால்வின் காலம் சூடேற்றிய நீராவியோடு வந்தது. வில்ஹெல்ம் ஷ்மிட்டின் சூடேற்றி 1898இல் பிரஷ்ய எஞ்சின்களில் ஏறியது. ஈரமான நீராவி தானே கொஞ்சம் மசகு போல வேலை செய்யும். சூடேற்றிய நீராவி உலர்ந்தது, எண்ணெயையும் கரியாக்கும். தட்டை வால்வால் அந்தச் சூட்டில் தாக்குப்பிடிக்க முடியவில்லை. உருளை வடிவ வால்வுக்குச் சுற்றிலும் சம அழுத்தம். பத்து டன் சுமை என்ற பேச்சே இல்லை. மாறாக, தட்டை வால்வுக்கு இருந்த ஒரு நல்ல குணம் இதற்கு இல்லை: சிலிண்டரில் நீர் சிக்கினால் தட்டை வால்வு எழும்பி வழிவிடும், இது விடாது. இங்கிலாந்தின் வட கிழக்கு ரயில்வேயின் வால்டர் ஸ்மித், வால்வைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் ரிங்குகளைத் துண்டுகளாக்கி உள்ளே மடங்கும்படி செய்ததும் அதற்காகத்தான்.

சுமை போனாலும் கோணல் போகவில்லை. படுக்கைவாட்டில் கிடக்கும் வால்வின் எடை, அது ஓடும் உறையான லைனரின் அடிப்பக்கத்தில் விழுகிறது. வட்டம் மெல்ல நீள்வட்டமாகிறது. தண்டை மறுபக்கமும் நீட்டித் தனித் தாங்கியில் ஓடவிட்டால் அந்த எடையைத் தாங்கி வாங்கிக்கொள்ளும். அடுத்தது ரிங். லைனரின் போர்ட்டுகளுக்கு நடுவே ரிங் விழுந்துவிடாமல் தாங்கக் குறுக்குக் கம்பைகள் விட்டிருப்பார்கள். கம்பைகள் நேராக இருந்தால் ரிங்கின் அதே இடங்களே ஆயிரக்கணக்கான மைல் அவற்றின் மேல் ஓடி வரிவரியாகத் தேயும். கம்பையைச் சாய்வாக வெட்டினால் ஒரே நடையில் ரிங்கின் வெவ்வேறு இடங்கள் அதைத் தொட்டுக் கடக்கின்றன, தேய்மானம் பரவிவிடுகிறது. ரிங்கின் வாய் மட்டும் போர்ட்டில் மாட்டிக்கொள்ளாமல் அகலமான ஒரு கம்பையின் மேலேயே ஓடும்படி முளை அடித்து நிறுத்துவார்கள். சுற்றவிடாமல் நிறுத்திவிட்டு, சாய்வால் பரப்புவது. இந்த மரபின் புத்திசாலித்தனம் முழுக்க அந்தச் சாய்வான கம்பையில் இருக்கிறது என்பேன்.

ரிங் எத்தனை, எவ்வளவு அகலம் என்பதில்தான் பெரிய சண்டை. ஷ்மிட்டின் வழி ஒரே அகல ரிங். இங்கிலாந்தின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் (ஜி.டபிள்யூ.ஆர்.) ஸ்விண்டன் பணிமனையில் சர்ச்வர்ட் அமெரிக்க வடிவம் ஒன்றைக் கொண்டுவந்தார்: நீராவி ஏறியதும் ரிங்கின் அளவு பூட்டிக்கொண்டு, லைனரை அதற்கு மேல் அழுத்தாது. நல்ல வால்வுதான், ஆனால் ஸ்விண்டன் தரத்துக்குக் கடைசல் வேலை வேண்டும். 1927இல் பிரிட்டனின் எல்.எம்.எஸ். ரயில் கம்பெனிக்கு வந்த ராயல் ஸ்காட் எஞ்சின்கள் அகல ரிங்கோடு வந்தன. ஓட ஓட நிலக்கரிச் செலவு ஏறிக்கொண்டே போனது. தேடிப்பார்த்தால் குற்றவாளி அகல ரிங் தாண்டிய கசிவு. குறுகிய ரிங்குகள் பலவற்றை அடுக்கியதும் சிக்கல் தீர்ந்தது. அகல ரிங் லைனரின் கோணலுக்கு வளைந்துகொடுக்காது. குறுகியது கொடுக்கும், ஒன்று விட்டதை அடுத்தது பிடிக்கும். வால்வின் நடையை நீட்டினால் தேய்மானம் கூடுமே என்ற பழைய தயக்கமும் அந்த ஆண்டுகளில்தான் உடைந்தது. 1925இல் ஜி.டபிள்யூ.ஆர். எஞ்சின், இன்னொரு பிரிட்டிஷ் ரயில் கம்பெனியான எல்.என்.இ.ஆரின் பாதையில் ஓடிக் காட்டிய கரிச் சிக்கனத்துக்குப் பிறகு அந்தக் கம்பெனியின் தலைமை எஞ்சினியர் கிரெஸ்லி தன் எஞ்சின்களுக்கும் நீண்ட நடை கொடுத்தார். தேய்மானம் கூடினால் கூடட்டும், அது மலிவான ரிங்கில்தானே என்பது சரியான கணக்கு.

எண்ணெயை மறந்துவிட்டு எந்த வடிவத்தையும் மதிப்பிட முடியாது. மிச்சிகனில் எலைஜா மெக்காய் 1872இல் காப்புரிமை பெற்ற எண்ணெய்க் கிண்ணம் எஞ்சின் ஓடும்போதே மசகு கொடுத்தது. அந்தக் காலத்தில் மசகாக ஊற்றிய கொழுப்பு நீராவியில் அமிலமாகி இரும்பை அரிக்கும். கனிம எண்ணெய் வந்ததும் அது தீர்ந்தது. சூடேற்றிய நீராவியில் எண்ணெய் கரியாகி ரிங்கைப் பள்ளத்திலேயே ஒட்டிவிடும். ஒட்டிய ரிங் ஒருபக்கம் உரசும், மறுபக்கம் கசியும். அர்ஜென்டினாவின் எஞ்சினியர் போர்ட்டா, எண்ணெயை மாற்றுவதோடு நில்லாமல் லைனரையே சூடேற்றாத நீராவியால் குளிர்வித்தார். அவர் வழியில் டேவிட் வார்டேல் 1981இல் தென்னாப்பிரிக்காவில் 3450ஆம் எண் எஞ்சினைத் திருத்திக் கட்டினார்.

சுதந்திரத்துக்குப் பின் இந்திய ரயில்வேக்கு வந்த டபிள்யூ.பி., டபிள்யூ.ஜி., ஒய்.பி., ஒய்.ஜி. வகைகள் நான்குமே வால்வை ஆட்டும் வால்ஷார்ட்ஸ் இயக்கமும் பிஸ்டன் வால்வும் கொண்டவை. அந்த எஞ்சின்களின் வால்வை ஷெட்டில் சோதிக்க எளிய வழி இருந்தது. பிரேக்கைப் போட்டு, வால்வை நடு நிலைக்குக் கொண்டுவந்து, சிலிண்டர் வடிகுழாய்களைத் திறந்து, நீராவியை விடும் ரெகுலேட்டரைக் கொஞ்சம் திறக்க வேண்டும். வால்வு இரண்டு போர்ட்டையும் மூடி நிற்பதால் வடிகுழாயில் நீராவி வரக் கூடாது. வந்தால் ரிங் போயிருக்கலாம், லைனர் போயிருக்கலாம். வால்வை வெளியே இழுத்து, லைனரின் விட்டத்தை மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் பல இடங்களில் அளந்தால் எது என்று தெரிந்துவிடும். இரண்டு அளவும் ஒத்துப்போனால் ரிங்கை மட்டும் மாற்றி எஞ்சினை ஷெட்டிலிருந்தே வண்டிக்கு அனுப்பலாம். ஒத்துப்போகாவிட்டால் லைனரைக் கடைந்து, பெரிய அளவு ரிங் போட வேண்டும். எஞ்சின் பணிமனைக்குப் போக வேண்டியதுதான்.